சாவிக்குச்சிக்கு இடமில்லை

ஐந்து குச்சிகளும் சரியாகப் பொருந்தின. ஆறாவது மட்டும் நுழையவில்லை.

எங்கள் பட்டறையில் செய்யும் புதிர்க்கட்டை இப்படித்தான் வேலை செய்யும். ஐந்து செர்ரி மரக் குச்சிகளில் வெட்டுப் போட்டு, ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்படி கோத்தால், நடுவில் ஒரு சதுரத் துளை மிஞ்சும். அது காலியாக இருக்கும்வரை பக்கத்துக் குச்சி அதற்குள் நகரும். அது நகர்ந்தால் ஐந்தும் கழன்றுவிடும். ஆறாவதற்கு வெட்டே கிடையாது; நேர்க்குச்சி. அதைத் துளையில் தள்ளிவிட்டால் எதற்கும் நகர இடமிருக்காது. ஆணி, பசை இல்லாமலே கட்டை இறுகிவிடும். அதைத்தான் சாவிக்குச்சி என்போம்.

அன்று சாவி என் கையில் இருந்தது. கட்டையோ ஏற்கெனவே இறுகியிருந்தது.

ஹகோனே மலையை விட்டு மழை விலகாத ஜூன் மாதம். ஈரத்தில் மரம் உப்பும். குறுக்கே உப்பும், நீளத்தில் அவ்வளவாக உப்பாது. அதனால் முதலில் அடுப்பருகே வைத்து உலர்த்தினேன். நுழையவில்லை. சாவியை இழைப்புளியில் ஒரு சுருள் எடுத்தேன். இன்னொரு சுருள். பிறகு எண்ணவில்லை.

உப்புத்தாள் போடுவதும் தேன்மெழுகு தேய்ப்பதும் என் மனைவி மசுயோவின் வேலை. மெழுகுத் துணியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, பல்லு குத்தவா?"

"சும்மா இரு."

"முப்பது கட்டை, வெள்ளிக்கிழமைக்குள்ள. விடுதிக்காரர் நேத்தே ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். இந்த ஆர்டரும் போச்சுன்னா கதவைச் சாத்த வேண்டியதுதான். அத்தான் இருந்தா..."

"அவன் பேச்சை எடுக்காத."

அவள் அத்தான் என்றது என் அண்ணன் குனிஹிகோவை. இருபது வருடம் எல்லாச் சாவியையும் அவன்தான் போட்டான். கை நடுங்கத் தொடங்கியபோது, இனி நான் போடுகிறேன் என்று சொன்னேன்.

"உனக்கு வராதுடா. அவசரக்காரன் நீ."

"நீ இல்லாட்டியும் பட்டறை ஓடும்."

எழுந்து போய், பின்னால் மரம் உலர்த்தும் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டான். மசுயோ சோற்றுருண்டை எடுத்துப் போனாள். தட்டை நான் வழியிலேயே வாங்கி வைத்தேன். பசித்தால் வருவான், வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றேன்.

அது பிப்ரவரி. ஐந்தாம் நாள், பனியை வாரிக் கொட்டிவிட்டுத்தான் கொட்டகைக் கதவைத் திறக்க முடிந்தது. உள்ளே அவன் விறைத்துப்போயிருந்தான்.

கட்டையை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். துளை வழியாக, மழையில் நனையும் மூங்கில் தெரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தீக்குச்சியாக இளைத்திருந்த சாவியை விட்டேன். பாதியில் நின்றது. மரத்தில் இடித்த சத்தம் கேட்கவில்லை. மெத்தென்று நின்றது.

விரலை எடுத்தேன்.

சாவி மெல்ல வெளியே வந்தது.

ஊதுபத்தி ஏற்றி, புகையைத் துளைக்கு நேரே ஊதினேன். வாயிலிலேயே சுருண்டு என் முகத்துக்குத் திரும்பியது. பழைய பனியின் வாடை அடித்தது.

ஒளி போகிறது. புகை போகவில்லை.

இன்னொரு கட்டையைக் கோத்தேன். அது என் கையில் இறுகிய அதே நொடி, பலகையில் வைத்திருந்த முதல் கட்டை தானாகக் கழன்று சிதறியது. முதலாவதைத் திரும்பக் கோத்தால் அது இறுகியது, இரண்டாவது சிதறியது. எதை எடுத்தாலும் அதில் அண்ணன் இருந்தான்.

மசுயோ தேநீர்த் தட்டோடு வந்தாள். சுவருக்கும் வேலைப்பலகைக்கும் நடுவே ஒடுங்கித்தான் போக வேண்டும். அண்ணன் உட்காரும் இடம் அது. இத்தனை வருடப் பழக்கம், அவள் வாயில் தானாக வந்துவிட்டது.

"அத்தான், கொஞ்சம் நகருங்க."

என் கையில் கட்டை தளர்ந்தது.

அவள் தட்டைப் பலகையில் வைத்தாள். நான் புதிய சாவி ஒன்றை எடுத்துத் தள்ளினேன். வெண்ணெயில் போவதுபோல் போனது.

"அடுத்ததுக்கு நீங்க சொல்லுங்க," என்றாள் கிசுகிசுப்பாக.

"நான் சொல்ல மாட்டேன்."

அவளே சொன்னாள், ஒவ்வொரு கட்டைக்கும். அவன் அடுத்ததற்கு நகர்ந்தான். வியாழன் மதியம் முப்பதாவது சாவியையும் போட்டேன். விடுதிக்காரர் வந்து எடுத்துப் போனார்.

"பார்த்தியா? ஓடுது பட்டறை," என்றேன்.

அவள் சோறு வைத்தாள்.

முதல் வாய் இறங்கவில்லை.

வலி இல்லை. மூச்சு தாராளமாகப் போய் வந்தது. சோறுதான் போகவில்லை. மெத்தென்று எதிலோ நின்று, மெல்ல வாய்க்குத் திரும்பியது.

மறுநாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "வழி காலியாத்தான் இருக்கு. கவலையை விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரும் நின்றது. திங்களன்று என்னால் உட்கார முடியவில்லை. மசுயோ என் மார்பின்மேல் குனிந்து, "அத்தான், நகருங்க, நகருங்க," என்று அழுதாள். ஒன்றும் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பதையும் மூடிட்டோம். எங்கங்க போவார்? நகரணும்னா இடம் வேணுமில்ல?"

ஐந்து குச்சிகளைப் படுக்கைக்கே கொண்டுவந்தாள். படுத்தபடியே கோத்தேன். துளையை அப்படியே விட்டேன். அவள் கட்டையை என் முகத்தருகே பிடித்தாள். சொல்ல வேண்டியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, கொஞ்சம் நகருண்ணா."

கட்டை இறுகியது.

கஞ்சி ஒரு வாய் இறங்கியது.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எத்தனை கட்டை கேட்டாலும், ஒன்று கூடுதலாகக் கோத்துப் பலகையில் வைக்க வேண்டும். அதற்கு மட்டும் சாவி வெட்டக் கூடாது.