சோடா மூடியில் தண்ணீர்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சோடா மூடியில் தண்ணீர் நிறைந்திருந்தது. முனிராஜ் ஊற்றவில்லை. இண்டூரில் அந்த வீட்டில் இப்போது அவனைத் தவிர யாரும் இல்லை. பெட்டியிலும் எதுவும் இல்லை.

அதில் அவன் மனைவி கனிமொழி டரண்டுலா வளர்த்தாள். உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் மயிராக ஒரு சிலந்தி. ஊரில் மற்ற பெண்கள் கோழி வளர்க்க, தனக்கு வாய்த்தவள் பூச்சி வளர்க்கிறாளே என்று அவனுக்கு எரிச்சல். தேங்காய் நார்த்தூளை ஈரமாக்கிப் பரப்புவாள், அது குடிக்கச் சோடா மூடியில் தண்ணீர் வைப்பாள், கரப்பான் பிடித்துப் போடுவாள், அவனிடம் காட்டாத கொஞ்சலையெல்லாம் அதனிடம் காட்டுவாள். ஒருநாள் அது மல்லாந்து கிடந்தது.

"செத்துப்போகலீங்க, தோல் உரிக்குது. இப்ப தொட்டாலே போயிரும். புதுத்தோல் முத்துனப்புறம் பாருங்க, பசி தாங்காது" என்றாள்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அவன் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினான். தெரிந்தேதான் ஊற்றினான். திரும்பி வந்தவள் அழவில்லை. "மல்லாந்து கெடக்கறதெல்லாம் செத்ததாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சில வாரங்களில், வலிப்பு வந்து சமையலறையில் அவளே மல்லாந்து விழுந்தாள். விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. முனிராஜ் கதவைச் சாத்திவிட்டுத் தொப்பூர் போய், லாரிக்காரர்கள் நடுவே உட்கார்ந்து நிதானமாகப் பரோட்டா தின்றான். திரும்பியபோது விரல்கள் அடங்கியிருந்தன. நெஞ்சு லேசாக ஏறி இறங்கியதோ என்னவோ, பாவி குனிந்து பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் குழியில் இறக்கி மண் தள்ளியாயிற்று.

இன்று அவளுக்குக் காரியம். படையலைக் காக்கை தொடவில்லை. உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாலையில் மழை பிடித்து, கரண்டும் போனது. ஓட்டில் விழும் மழைச் சத்தத்துக்கு அடியில், அறை அறையாகப் பரவும் ஈர நார்த்தூள் வாசனைக்கு நடுவில், சமையலறைப் பரண் பக்கமிருந்து நகம் வைத்து மரத்தைப் பிராண்டுகிற ஒலி மெல்ல எழுந்து, நின்று, மறுபடி எழுந்தது.

பக்கத்து வீட்டு ராமக்காள் ஜன்னலோரம் வந்தாள். "முனிராஜு, உள்ற யாரு நடக்கறது?"

"எலிங்கக்கா."

"எலி இத்தன கனமாவா நடக்கும்?" அவள் நிற்காமல் போய்விட்டாள்.

அவன் செல்போன் வெளிச்சத்தில் சமையலறைக்குள் நுழைந்தான். தரையில் கனிமொழி மல்லாந்து கிடந்தாள். மூக்குத்தி அப்படியே இருந்தது. நகக்கண்ணில் மண். விரலால் தொட்டான். சருகுபோல் நொறுங்கியது.

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் தோல்.

காய்ந்த தோல். உரித்து நாளாகியிருக்கிறது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஓடப் பார்த்தான். வழுக்கியது. மல்லாந்து விழுந்தான். செல்போன் எங்கோ உருண்டு, கூரையைக் காட்டி நின்றது.

பரண் விளிம்பில் ஒரு கை. இன்னொரு கை. பிறகு இன்னும் ஒன்று.

முனிராஜ் கண்ணை மூடினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தவன்போல் கிடந்தான்.

முகத்துக்கு நேர் மேலே, மிக அருகில், பழைய கொஞ்சல் குரல் கேட்டது.

"மல்லாந்து கெடக்கறதெல்லாம் செத்ததாங்க?"

அவன் கன்னத்தில் மயிர் உரசியது.