மடங்கிய விரல்கள்

மழையில் தொப்பலாக நனைந்தபடி ஓடிவந்தவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் அவள் பேருந்தின் கதவை மூடினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் யாருக்காகவும் நிற்க மாட்டாள். ஆனால் அந்தக் கண்கள்... கோபப்படாமல், 'பரவாயில்லை, போங்க' என்றன. அதுதான் உறுத்தியது.

கடைசி ஓட்டம் முடிந்து மருத்துவமனைக்குப் போனால், அப்பாவின் கட்டிலருகே புது டாக்டர். சட்டைக் காலரில் இன்னும் ஈரம்.

"நீங்களா!"

"நானேதான். பஸ்தான் கிடைக்கலையே... நடந்தே வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. நுரையீரலில் நீர், கால்களில் வீக்கம். எத்தனை ஊசி போட்டும் மருந்து வேலை செய்யவில்லை. அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு மூச்சுதான்.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அப்பாவின் கையில் சுற்றிக் காற்றடித்தவன், இறக்காமல் அப்படியே வைத்திருந்தான். அப்பாவின் விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்தது.

"என்ன பண்றீங்க? அவருக்கு வலிக்குது! பஸ்ஸ நிறுத்தலைங்கிற கோபத்தை எங்கப்பாகிட்டயா காட்டுறீங்க? வேற டாக்டரை வரச் சொல்லுங்க!"

அவன் காற்றை இறக்கினான். விரல்கள் விரிந்தன.

"கழுத்துல தழும்பு இருக்கே, தைராய்டு ஆபரேஷன் ஆச்சா? கால்சியம் மாத்திரை விடாம சாப்பிடுறாரா?"

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போடச் சொன்ன, சுண்ணாம்புக் கட்டி மாதிரி பெரிய மாத்திரை... விழுங்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் குமட்டும். பார்க்கச் சகிக்காமல் அவள்தான், "எலும்பு மாத்திரைதானேப்பா, விடுங்க. இதய மாத்திரையை மட்டும் ஒழுங்கா போடுங்க" என்றிருந்தாள்.

சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டால்? போயும் போயும் இவன் முன்னாலா தலைகுனிவது! அப்பா மூச்சுக்குத் திணறுவது கேட்டது.

"நிறுத்திட்டார்... நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவன் திட்டவில்லை. "பட்டை இறுக்கினதும் விரல் மடங்குச்சே, கால்சியம் குறைஞ்சா அப்படித்தான் ஆகும். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளவே அது வேணும்ங்க. ரத்தத்துல அது ரொம்பக் குறைஞ்சா, என்ன மருந்து கொடுத்தாலும் இதயம் சொன்ன பேச்சு கேக்காது. நீர் இறங்கப் போடுற ஊசியும் இருக்கிறதைச் சிறுநீர்ல இழுத்துட்டுப் போயிடும்."

"அப்போ... நானே எங்கப்பாவை..."

"நாங்களும் முன்னாடியே கேட்டிருக்கணும். நீங்க உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. கால்சியம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறியது. வேகமாக ஏறினால் துடிப்பே தடுமாறிவிடுமாம். வேலை நேரம் முடிந்தும் அவன் எழவில்லை. திரையில் ஓடும் துடிப்பைப் பார்த்தபடி முக்காலியிலேயே இருந்தான். ஒருமுறை அவன் நிமிர்ந்தபோது இரண்டு பேர் பார்வையும் முட்டிக்கொண்டது... அவள் சட்டென்று அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அதே பழைய மருந்துகள் வேலை செய்யத் தொடங்கின. வீக்கம் வடிந்தது. அப்பா ஒருநாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்குப் புறப்படும் நாளிலும் மழை. சக்கர நாற்காலியோடு வாசலுக்கு வந்தவளிடம் அவன் சொன்னான்.

"இனிமே அப்பாவை வேற டாக்டர் பார்ப்பாங்க. ஏற்பாடு பண்ணிட்டேன்."

அவள் நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தினாள். "அன்னிக்கு ஏதோ கோபத்துல கத்திட்டேன்... இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. அப்பாவுக்கு டாக்டரா இருந்துகிட்டு உங்ககிட்ட சொல்லக் கூடாத ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லணும்... அதான்."

அவன் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அப்பா மழையையே பார்த்துக்கொண்டிருந்தார், காது கேட்காதவர் மாதிரி. அவளுக்குக் கண் நிறைந்தது.

"நாளைக்கு அதே ஸ்டாப்புக்கு வாங்க..." என்றாள். "ஓடி வர வேண்டாம். எவ்வளவு லேட்டானாலும்... நான் நிப்பேன்."