பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு!

"பிரேக் நல்லா இருந்துச்சு ஐயா! சத்தியமா நல்லா இருந்துச்சு!"

அலறியது கூண்டிலிருந்த பிசினஸ்மேன்.

அதிர்ந்தது அவருடைய சொந்த வக்கீல்!

பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்ணைக் கார் ஏற்றிக் கொன்றதற்கு ஏழு வருஷம். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதால் காரை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது தண்டனையைக் குறைக்கச் சொல்லி அப்பீல். போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த காரின் அடியில் நேற்று தலையை நீட்டிய வக்கீலுக்கு ஜாக்பாட்.

பிரேக் பைப் அறுக்கப்பட்டிருந்தது...!

அதைச் சொன்னதற்குத்தான் இந்த அலறல்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"வக்கீல் சார், உங்க கட்சிக்காரர் எந்தக் கட்சி?"

"எனக்கும் அதே சந்தேகம்தான் ஐயா!"

"அந்தக் காரைப் போலீஸ் பார்க்கட்டும். மதியம் பேசலாம்."

வராந்தா.

"ஆக்ஸிடென்ட் பண்றவன் அத்தனை பேரும் பிரேக் பிடிக்கலைன்னு புளுகுவான். உங்களுக்கு நிஜமாவே பிடிக்கலை... பிடிச்சுதுன்னு புளுகறீங்க! யாரைக் காப்பாத்தறீங்க?"

"ஏழு வருஷமும் இருந்துட்டுப் போறேன் சார்... விட்டுடுங்க!"

வக்கீலின் பார்வை தூணோரம் நின்ற பிசினஸ்மேனின் மனைவி மேல் போனது.

"ஏம்மா, அந்த பிரேக்..."

"அதுக்கென்ன? வெண்ணெய் மாதிரி பிடிக்கும்!"

"நீங்க ஓட்டியிருக்கீங்களா?"

"...இல்ல."

வக்கீலுக்கு எங்கேயோ இடித்தது!

வராந்தாவின் கடைசி பெஞ்சிலிருந்து இறந்தவளின் கணவர் எழுந்து வந்தார். கையில் மகளின் தண்ணீர் பாட்டில்.

"சார்... ஏழு வருஷம் குறைஞ்சிடுமா? பொண்ணு கேப்பா."

வாயால் பிழைக்கிற வக்கீல் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மதியம். ஒருவனைச் சட்டையைப் பிடித்துக் கோர்ட்டுக்குள் இழுத்து வந்தாள் லேடி இன்ஸ்பெக்டர்.

"இவங்க வீட்டு ரெண்டு காருக்கும் இவன்தான் மெக்கானிக். சொல்லுடா!"

"சார்தாம்மா... அக்கா காரோட பிரேக் பைப்பை அறுக்கச் சொன்னாரு."

மனைவியைத் தீர்த்துக்கட்டவா...!

வக்கீல் தலையில் கை வைத்தார். "அறுத்தது இவர் காராச்சேடா! ஆள் மாறாட்டம் தெரியும், இது கார் மாறாட்டமா?"

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது.

"தொழில்ல தப்பு பண்ண மாட்டேன் சார்! மனசு கேக்காம அக்காகிட்ட சொல்லிட்டேன். அவங்கதான், 'அதே வேலையை அவர் கார்ல பண்ணுடா'ன்னாங்க..."

பிசினஸ்மேன் மனைவி பக்கம் திரும்பினார். "அடிப்பாவி! இவன் மாத்தி அறுத்துட்டான்னுல்ல இத்தனை நாள் நினைச்சேன்..."

"ஆரம்பிச்சது யாராம்?"

தண்ணீர் பாட்டிலோடு இறந்தவளின் கணவர் முன்னால் வந்தார். "அப்போ... குறையுமா சார்?"

வக்கீல் அவர் தோளைத் தொட்டார்.

"குறையாதுப்பா. ஏழெல்லாம் இனிமே வெறும் அட்வான்ஸ். அந்தம்மாவுக்கும் பங்கு உண்டுன்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

"ஒண்ணுதான் சார் எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷக் குடித்தனத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம்... இல்லாத பிரேக்!"