காளிச்சாமியின் நான்கு மெடல்கள்

அன்னூர்க்காரர் சரவணன் என் வீட்டுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் முன்னறைதான் என் அலுவலகம். பழைய ராணுவ மெடல்களை வைத்து, அவற்றைப் பெற்றவரின் கதையைத் தேடிக் கொடுப்பது என் வேலை. பழைய இரும்புக்கடைப் பிழைப்பு என்பாள் அம்மா.

அவர் ஒரு அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்தார். உள்ளே நான்கு மெடல்கள்.

“எங்க தாத்தன் காளிச்சாமியோடதுங்க. சண்டைக் கப்பல்ல இருந்தாருங்க. திரும்பி வந்து தோட்டத்தப் பாத்துட்டிருந்தவரு, எழுபத்தொண்ணுல ஒரு நாள் வெளிய போனாரு. வரவே இல்லைங்க.”

“இப்ப எதுக்குத் தேடறீங்க?”

“எங்கப்பா கந்தப்பன் படுத்த படுக்கைங்க. கண்ண மூடறதுக்குள்ள அவங்கப்பனுக்குத் திதி குடுத்துப்போடோணும்னு ஒரே பொலம்பல். ஆனா உசுரோட இருக்கறவருக்குக் குடுத்துட்டாப் பாவமாச்சேன்னு அவரே அழுவறாருங்க. செத்துட்டாருன்னு ஒரு காயிதம் வேணுங்க அம்மணி.”

ஒரு புகைப்படமும் தந்தார். 1952, ஊர் நோம்பித் திருவிழா. முப்பது வயது மதிக்கத்தக்க காளிச்சாமி நிற்கிறார். இடது மார்பில் நான்கு மெடல்கள். இறந்தவரின் மெடலை வாரிசு அணிந்தால் வலது மார்பில்தான் குத்த வேண்டும். இடது மார்பு, சண்டையில் நின்றவருக்கு மட்டும். ஆக, இது அவரேதான். எளிதான வேலை என்று சந்தோஷப்பட்டேன்.

மெடலின் விளிம்பில் பெயரும் படை எண்ணும் பொறித்திருந்தன. அந்த எண்ணை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது.

1942 ஏப்ரலில் அவர் இருந்த கப்பல் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. பட்டியலில் ஏழாவது பெயர் காளிச்சாமி.

கந்தப்பன் பிறந்தது 1946-ல்.

ஏதோ குமாஸ்தா செய்த தப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பெட்டியின் அடித்தாள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. கத்தியால் நெம்பினேன். கீழே ஒரு சீட்டு. அரசாங்கத்தின் இரங்கல் சீட்டு. செத்தவர்களின் மெடலோடு மட்டுமே அது வரும். 1949-ல், மனைவி ராசாத்தாள் பேருக்கு வந்திருக்கிறது.

சோற்றுப் பசை போட்டு ஒட்டி மறைத்திருக்கிறாள். அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வருஷம் அந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அதை அப்படியே மூடி வைத்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சரவணனை வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப எங்கப்பன யாருங்க பெத்தது?”

காப்பகத்தின் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

“சரிங்க. காயிதம் கெடைச்சுப்போச்சு. நாளைக்கு அமாவாசைங்க. குடுத்துப்போடறேன்.” மெடல் பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பகல் ஒன்றேகாலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

“அம்மணி, எலை போட்டுச் சோறு வெச்சேனுங்க. காக்கா வரலைங்க.”

“கொஞ்சம் பொறுங்க. வரும்.”

“அவரு வந்தாருங்க.”

“யாரு?”

“எலை முன்னாடி உக்காந்து சாப்பிட்டாருங்க. மேலெல்லாம் தண்ணி சொட்டுச்சுங்க. அந்தப் போட்டோவுல இருக்கற அதே வயசுங்க.”

“உங்க அப்பா?”

“கட்டில்ல இருந்தே பாத்தாரு. ‘அப்பா’ன்னு கூப்பிட்டாரு. அவரு வந்து தலையத் தடவிக் குடுத்தாருங்க.” சரவணன் விம்மினார். “அத்தோட எங்கப்பா போயிட்டாருங்க.”

எனக்கும் அழுகை வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது.

“இப்ப அவர் எங்கே?”

“திதி குடுத்ததுக்குக் கோவமே படலைங்க. மெடலு எங்கேன்னு மட்டும் கேட்டாரு. பயத்துல உங்க வெலாசத்தச் சொல்லிப்போட்டேனுங்க. மன்னிச்சுக்கோங்க அம்மணி.”

“எப்போ கிளம்பினார்?”

“இப்பத்தானுங்க. வாசலத் தாண்டறாரு.”

அன்னூரிலிருந்து இங்கே வர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும். போனை வைத்தேன்.

தெருவில் நல்ல வெயில்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே பரவிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க அம்மணி,” என்றது வெளியே ஒரு குரல், ரொம்ப மரியாதையாக. “ஊட்ல இருக்கறீங்களா?”