எலி அறையில் ஒரு செம்புள்ளி

வெள்ளெலிக்குக் கிச்சுகிச்சு மூட்டும் முன் கையுறையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். டாக்டர் மதிவதனி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு போதுமா என்று சந்தேகம் வந்தது. மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எலி அறைக்குள் நுழைந்தாள்.

நுழைந்ததுமே சுவரிலிருந்த நலமானி சிவப்பாக எரிந்தது.

"இன்னைக்குமா?" என்றாள் அழாத குறையாக.

நலமானி வந்தபின் ஆய்வுக்கூடங்களில் எந்த மிருகமும் வாய்மூடித் துன்பப்பட வேண்டியதில்லை. மூச்சையும் இதயத் துடிப்பையும் தோலின் சூட்டையும் தூரத்திலிருந்தே படித்து, அறையில் எந்தப் பாலூட்டி வேதனைப்பட்டாலும் அது சிவந்துவிடும். கதவுக்கு மேலிருக்கும் சுட்டுவிளக்கு, வேதனைப்படும் உயிரின்மேல் ஒரு செம்புள்ளியையும் பாய்ச்சும். சிவப்பு எரிகிற வரை எந்தச் சோதனையும் நடத்தக் கூடாது என்பது சட்டம். ஆகவே எலிகளுக்குத் தூங்கச் சுரங்கம், கொறிக்கப் பொரி, பொழுதுபோகக் கண்ணாமூச்சி எல்லாம் உண்டு. அவை சிரித்தால் மனிதக் காதுக்குக் கேட்காது என்பதால், அந்தக் கீச்சொலியைத் தாழ்த்திக் கேட்கவைக்கும் சிரிப்பொலிப்பான் ஒன்றும் மேசைமேல் இருந்தது.

இத்தனை சுகமான எலிகளை வைத்து அந்தக் கூடம் சோதிக்க வேண்டியிருந்தது மனக்கவலையைப் போக்கும் மருந்தை. மருந்தைச் செய்து முடிக்க முடியவில்லையே என்று கூடத்தில் எல்லோருக்கும் கவலை.

மதிவதனி சீமாட்டி என்ற எலியைத் தூக்கி வயிற்றில் விரலால் குறுகுறுத்தாள். சிரிப்பொலிப்பான் கெக்கெக்கென்று குலுங்கியது. விளக்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது. கூண்டு கூண்டாகக் குனிந்து தேடினாள். எந்த எலிமேலும் புள்ளி இல்லை. சுட்டுவிளக்கு பழுதாகியிருக்கும் என்று நினைத்தாள். இந்த வாரத்தில் மரத்தூளை மாற்றியாயிற்று, வெளிச்சத்தைக் குறைத்தாயிற்று, தன் சோப்பைக்கூட மாற்றியாயிற்று. மாற்றாதது அவளை மட்டும்தான்.

எலிகள் மிரளக் கூடாதென்று அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த பராமரிப்பாளர் இசக்கியம்மாள், பொரிச் சட்டியை இடுப்பில் வைத்தபடி சொன்னாள்:

"நான் போனா பச்சதான் எரியுது டாக்டரம்மா. நீங்க போனாத்தான் செவக்குது."

"தெரியும்க்கா."

"அதுகளுக்கு உங்களப் புடிக்கலியோ என்னமோ."

"ஆறுதல் சொல்றீங்களா?"

"உள்ளதச் சொன்னேன்."

அன்று மாலையோடு கெடு முடிகிறது. ஒரு வாரம் தினமும் சோதனை வேளையில் சிவப்பு எரிந்தால், அந்த வேதனை தீராதது என்று கொண்டு, மிருகங்களைக் கருணை ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட வேண்டும். ஊசி போட வேண்டியவள் மதிவதனி.

அவள் இயக்குநர் ஞானதுரையின் அறைக்குப் போனாள். "சார், தப்பு எலிங்க மேல இல்ல. என்னைப் பார்த்துத்தான் பயப்படுதுங்க. என்னை வேலைய விட்டு அனுப்பிடுங்க, அதுங்கள விட்டுடுங்க."

"ஏம்மா, டாக்டரை மாத்துன்னா சட்டம் சொல்லுது? எலியை முடின்னு சொல்லுது. மருந்துக் கம்பெனிக்காரன் தினமும் போன்ல உயிரை எடுக்கான். பழசை முடிச்சாத்தான் புது எலி தருவான். எனக்கு மட்டும் ஆசையா? கெளம்பும்மா."

ஊசித் தட்டோடு அவள் அறைக்குள் போனாள். சிவப்பு. சீமாட்டி கிச்சுகிச்சு என்று நினைத்துக்கொண்டு தானாகவே மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. மதிவதனி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள்.

பொறுமையிழந்த இயக்குநர், வழக்கத்தை மீறிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"இன்னும் என்ன பண்ணிட்டிருக்க?" என்றவர் சட்டென்று நின்றார். "ஏம்மா, உன் முதுகுல என்ன அது செவப்பா?"

அவள் திரும்பினாள். இயக்குநரின் வழுக்கைத் தலையின் நட்டநடுவில், அவளுடையதைவிடப் பெரிதாக ஒரு செம்புள்ளி நின்று துடித்தது.

"சார்... அசையாதீங்க."

ஒரு வாரமாக அவள் குனிந்து எலிகளையே பார்த்திருக்கிறாள். புள்ளி அவள் முதுகில் இருந்திருக்கிறது. ஒருவர் மட்டும் போகும் அறையில் அதை யார் பார்ப்பது? நலமானிக்கு எலியும் ஒன்றுதான், எலி டாக்டரும் ஒன்றுதான். எலிகளுக்கு என்ன குறையோ என்று அவள் கவலைப்பட, அந்தக் கவலையைத்தான் அது காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஞானதுரைக்கும் புரிந்தது. அவர் பார்வை அவள் கையிலிருந்த ஊசிக்குப் போனது.

"டாக்டர்," என்றார். முதல் தடவையாக 'ஏம்மா' காணாமல் போயிருந்தது. "அதைக் கொஞ்சம் கீழ வைங்களேன்."

"தீராத வேதனைன்னா சட்டப்படி..."

"தீரும் டாக்டர்! வைத்தியம் பார்த்தா தீரும்!"

மதிவதனி ஊசியைத் தட்டில் வைத்தாள். எலிகளுக்கு எழுதும் அதே வைத்தியத்தை எழுதினாள்: அமைதியான இடம், பொரி, போன் கூடாது, தினமும் கண்ணாமூச்சி. ஞானதுரை மேசைக்கடியில் போய் ஒளிந்தார். சீமாட்டி மோப்பம் பிடித்துப் போய் அவர் காதைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த குஷியில் சிரிப்பொலிப்பான் குலுங்க, மேசைக்கடியிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அதைக் கேட்டு மதிவதனிக்கும் சிரிப்பு வர, விளக்கு பச்சையானது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த இசக்கியம்மாள், "ரெண்டு பேருக்கும் பொரி போதுமா, இன்னும் கொண்டாரட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

மெல்ல மெல்ல ஆய்வுக்கூடம் முழுவதும் அந்த வைத்தியத்துக்கு வந்துவிட்டது. கவலை மருந்து அலமாரியில் தூங்கியது. அதைப் பற்றிக் கவலைப்பட அங்கே ஆள் இல்லை.

ஒருநாள் மருந்துக் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் கோபத்தோடு வந்து இறங்கினார்கள். சொல்லச் சொல்லக் கேளாமல் கும்பலாக எலி அறைக்குள் நுழைந்தார்கள். நலமானி அலறாத குறையாகச் சிவந்தது. அத்தனை கோட்டுகளிலும் அம்மை வார்த்ததுபோலச் செம்புள்ளிகள் விழுந்தன.

ஞானதுரையின் முகம் மலர்ந்தது. "டாக்டர், நம்ம மருந்துக்குப் பொருத்தமான மிருகங்கள் கிடைச்சாச்சு!"

"முடியாது சார். வேதனையில இருக்கிற மிருகத்தைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. முதல்ல இவங்க சந்தோஷமாகணும்."

"சந்தோஷமாயிட்டா மருந்து எதுக்கு?" என்று அதிகாரிகளில் ஒருவர் கத்தினார். அவர்மேலிருந்த புள்ளி இன்னும் பெரிதானது.

மதிவதனி கையுறையைக் கன்னத்தில் ஒரே ஒருமுறை வைத்துப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது.

"யாரு முதல்ல?" என்றாள்.