நல்ல மனநிலையில் எழுதிய உயில்

பத்திர எழுத்தர் பாரூக் ஞானசம்பந்தத்தின் மேலகரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முற்பகல் பதினொரு மணி. சாரல் இறங்கி மூன்று நாளாகியிருந்தது; மலை இருக்கும் இடமே தெரியவில்லை. மடிக்கணினியும் சின்னப் பிரிண்டரும் இருந்த பையை மார்போடு அணைத்தபடி அவர் கூடத்துக்குள் நுழைந்தார். பகலிலேயே அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வாரும் வே. நனைஞ்ச கோழி மாதிரி வாரீரு," என்றார் ஞானசம்பந்தம்.

"குற்றாலத்துல குளிக்க வந்த கூட்டம், அண்ணாச்சி. ரோட்டுல நகர முடியல."

"விடும். என் தலைமுழுக்கை முதல்ல முடிச்சிக் குடும்."

பாரூக் சிரித்துவைத்தார். சிரிக்க வேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரியும்.

ஞானசம்பந்தத்துக்கு வயது அறுபத்து நான்கு. பதினொரு ஆண்டுகளுக்கு முன் எழுதிய உயிலில் இந்த வீட்டை மனைவி யோகலட்சுமிக்கும், அவளுக்குப் பின் மகள் உமா மகேஸ்வரிக்கும் வைத்திருந்தார். விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும் அந்த உயில் தானாகவே செத்துவிட்டது என்றுதான் நம்பியிருந்தார். அப்படி இல்லை என்று பாரூக் சொன்னபிறகே பதறினார். புதிய உயில் எழுதிக் கையெழுத்திடாதவரை பழைய உயில்தான் உயில். யோகலட்சுமி இறந்துபோனதால் இனி வீடு நேராக மகளுக்கே போகும். தாய்க்காக நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன மகளுக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது. தம்பி மகன் முத்துகுமரனுக்கே எல்லாம் போகவேண்டும். அவருக்கு இன்று வேண்டியது அது ஒன்றுதான்.

யோகலட்சுமிக்குப் பைத்தியம் என்று சொல்லித்தான் அவர் விவாகரத்து வாங்கினார். ஆளில்லாத அறையில் பேசுகிறாள், இல்லாததைப் பார்க்கிறாள் என்று மனுவில் எழுதினார். அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. விசாரணை நாளன்று காலையில் அவளுடைய காபியில் ஆறு தூக்க மாத்திரைகளைப் பொடித்துக் கலந்தார். கசப்பு தெரியாமலிருக்கச் சீனியைத் தூக்கலாகப் போட்டார். கூண்டில் நின்றவளிடம் என்ன கிழமை என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை. மகளுக்கு என்ன வயது என்று கேட்டார்கள். உதட்டோரம் எச்சில் வழிந்தது.

தீர்ப்பு வந்த நாற்பதாம் நாள், வடகரையில் அவளுடைய அண்ணன் வீட்டுக் கிணற்றில் மிதந்தாள். இவர் போகவில்லை.

கடந்த ஒன்பது நாட்களாக இந்த வீட்டில் பாசி வாடை அடித்தது. ஈரக் காலால் யாரோ நடக்கும் ஓசை, அடுக்களையில் தொடங்கி அவருடைய நாற்காலியை நோக்கி வந்தது. ஒவ்வொரு நாளும் ஓர் அடி கூடுதலாக நெருங்கி வந்தது. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இல்லாததைக் கேட்கிற ஒருவர் எழுதும் உயில் செல்லாது.

பாரூக் வரைவை அச்செடுத்துப் படித்தார். "நான் நல்ல மனநிலையிலும் முழுச் சுயநினைவுடனும் எழுதிவைக்கும் உயில்..."

ஈரக் கால்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன.

ஞானசம்பந்தம் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, ஒரு வழக்கம். வயசானவங்க உயிலுன்னா போனுல வீடியோ எடுத்து வச்சிக்கிடுவோம். நாலு கேள்வி கேப்பேன், பதில் சொன்னாப் போதும். நாளைக்குப் புத்தி சரியில்லாம எழுதுனாருன்னு எவனும் கோர்ட்டுக்குப் போயிரக் கூடாது பாருங்க. சாட்சிக்காரங்க பன்னிரண்டு மணிக்கு வந்துருவாங்க."

"எனக்கேவா வே? எடும், எடும்."

பாரூக் போனை உயர்த்திப் பிடித்தார்.

குளிர்ந்த விரல்கள் பின்னாலிருந்து ஞானசம்பந்தத்தின் தாடையைத் தொட்டன. அசையக் கூடாது. முகம் மாறக் கூடாது. ஐந்து நிமிடம் தாங்கினால் வீடு தப்பிவிடும்.

"இன்னைக்கு என்ன கிழமை, அண்ணாச்சி?"

"செவ்வாய்," என்றார் கணீரென்று.

"வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்தது?"

"வடக்கு."

"மகளுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

பாரூக்கின் பார்வை திரையிலிருந்து விலகி அடுக்களைப் பக்கம் போய் வந்தது. நான்காம் கேள்வி வருவதற்கு நேரமாயிற்று. "யாரும்... யாரும் வற்புறுத்தாம, நீங்களாத்தான் எழுதுதீங்களா?"

"நானாத்தான்."

முடிந்தது. தாங்கிவிட்டார். ஞானசம்பந்தம் பேனாவுக்குக் கை நீட்டினார். பாரூக் பேனாவைத் தரவில்லை.

"என்ன வே, முழிக்கீரு?"

"அண்ணாச்சி," என்றார் பாரூக். "ஏதாச்சும் பேசுங்க."

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"ஒரு வார்த்தையாச்சும் சொல்லுங்க. உள்ள இருந்து பதில் சொல்லுதது யாரு?"

ஞானசம்பந்தம் கத்தினார். தம் குரல் தமக்கு நன்றாகவே கேட்டது. பாரூக்குக்குக் கேட்கவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

பாரூக் வீடியோவை ஓடவிட்டு அவர் முன்னால் நீட்டினார்.

திரையில் ஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. உதட்டோரத்திலிருந்து எச்சில் வழிந்து சட்டையை நனைத்தது. கேள்விகளுக்குப் பதில் சொன்னது ஒரு பெண் குரல். அவசரமில்லாத, தெளிந்த குரல்.

"செவ்வாய்."

"வடக்குப் பாத்த வாசல்."

"முப்பத்தொண்ணு முடிஞ்சிது. வாற ஐப்பசிக்கு முப்பத்திரெண்டு."

பிறகு கடைசிக் கேள்வி.

"யாரும் வற்புறுத்தலை. நானாத்தான் வந்தேன்."

பாரூக் மடிக்கணினியைப் பைக்குள் திணித்தார். கையெழுத்தில்லாத உயிலைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பழசே இருக்கட்டும், அண்ணாச்சி. எனக்கு இது வேண்டாம். ஒங்க மகளுக்குப் போன் போட்டு வரச் சொல்லுதேன்." குடையை மறந்துவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினார்.

ஞானசம்பந்தம் எழ முயன்றார். தோள்களை அழுத்தியிருந்த கைகள் விடவில்லை.

சிறிது நேரத்தில் மேசைமேல் கிடந்த போன் அடித்தது. மகள். தீர்ப்பு நாளுக்குப் பிறகு அவள் அழைப்பது இதுவே முதல்முறை. அவருடைய கை, அவர் சொல்லாமலே நீண்டு போனை எடுத்துக் காதில் வைத்தது.

"அப்பா? பாரூக் அண்ணன் என்னவோ சொல்லுதாரு. என்னாச்சி ஒங்களுக்கு?"

காப்பாற்று என்று சொல்ல வாயெடுத்தார். உதடுகள் பிரியவில்லை.

"ஏட்டி மகேசு," என்றது அவருடைய தொண்டையிலிருந்து எழுந்த குரல். "சாப்புட்டியா?"



"அம்மா?"

"ஒங்கப்பாவைப் பத்திக் கவலப்படாதட்டி. நான்தான் பக்கத்துல இருக்கேன்லா."