நாற்பத்தொரு அடி

காலைச் சாப்பாட்டின்போது அப்பா அந்தச் செய்தியைச் சொன்னார்.

"நம்ம அணிக்குப் புது மேனேஜர் யாரு தெரியுமா, ஹேஸல்? ஹால்வர்சன்."

ஹேஸலின் கரண்டி பால் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"எந்த ஹால்வர்சன்?"

"எத்தனை ஹால்வர்சன் இருக்காங்க? கழுதைகளோட ஹால்வர்சன்தான்."

எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் பெயர் நாரைகள். பக்கத்து ஊர் அணியின் பெயர் கோவேறு கழுதைகள். அவர்களே ஆசையாக வைத்துக்கொண்ட பெயர் அது, பழியை எங்கள்மேல் போட வேண்டாம். மூன்று ஆண்டுகளாகக் கடைசி ஆட்டத்தில் நாரைகளை மண்ணைக் கவ்வ வைத்தவர் அந்தக் கழுதைகளின் மேனேஜர் ஹால்வர்சன்.

"நம்மளத் தோற்கடிச்ச அதே மூளை இனிமே நமக்காக வேலை செய்யும். நல்லதுதானே?" என்றார் அப்பா.

"நல்லதுதான்," என்றாள் ஹேஸல். "ஆனா எனக்குப் பிடிக்கல."

அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அது அந்த எண்ணிக்கை.

ஆட்டத்தின் நடுவே பந்து வீசுபவரை மாற்ற வேண்டும் என்றால், மேனேஜர் தானே மைதானத்துக்குள் நடந்து போய், பந்து வீசும் மேட்டில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். ஹால்வர்சனுக்கு முட்டிவலி. ஆமை வேகத்தில் நடப்பார். வழியில் வரும் சுண்ணாம்புக் கோட்டை மட்டும் மிதிக்கவே மாட்டார். மிதித்தால் தோல்வி வரும் என்று பேஸ்பால்காரர்கள் பலர் நம்புகிறார்கள். அதனால் அந்த இடத்தில் ஒரு சின்னத் தாவல் தாவுவார்.

இரண்டு கோடைக்கு முன்பு, சலிப்புத் தாங்காமல் ஹேஸல் அவருடைய அடிகளைச் சத்தமாக எண்ணினாள். பக்கத்து வரிசை சேர்ந்துகொண்டது. கோடை முடிவதற்குள் மைதானமே எண்ணியது. கோடு வந்ததும் எல்லோரும் "தாவு" என்று கத்துவார்கள். மொத்தம் நாற்பத்தொரு அடி. 41 என்று அச்சடித்த சட்டைகூடக் கடைக்கு வந்துவிட்டது.

இப்போது அந்த மனிதர் எங்கள் ஆள்.

முதல் ஆட்டம் சனிக்கிழமை, கரடிகள் அணியோடு. ஹேஸலின் இருக்கை, நாரைகள் உட்காரும் தாழ்வான கொட்டகைக்கு நேர் மேலே. ஹால்வர்சன் நாரைத் தொப்பி போட்டு வந்தபோது கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அணி ஜெயிக்க வேண்டும், ஆனால் அவர் ஜெயிக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க ஒரு வழியும் தெரியவில்லை.

மொத்தம் ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ். நாரைகள் ஒரு ரன் முன்னால் இருந்தார்கள். பந்து வீசிய பார்லோ களைத்துப் போயிருந்தார். ஹால்வர்சன் கொட்டகையின் படியேறி ஒரு காலை வெளியே வைத்தார்.

"ஒண்ணு," என்றது ஒரு குரல்.

அது ஹேஸலின் குரல்தான். வாய்ப் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. ஹால்வர்சன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பார்லோ வீசிய அடுத்த பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. ஏற்கெனவே ஓடக் காத்திருந்த இருவரும் சேர்ந்து ஓடி வர, அந்த ஒரே அடியில் கரடிகளுக்கு மூன்று ரன் கிடைத்தது. நாரைகள் தோற்றார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த தபால்காரர் எர்னி. "இந்த ஆளக் கழுதைங்கதான் அனுப்பியிருக்காங்க. வேணும்னே பார்லோவ மாத்தல."

ஹேஸல் சோளப்பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

காரில் ஏறியதும், "அப்பா, இன்னிக்கு நான்தான் நம்மளத் தோற்கடிச்சேன்," என்றாள்.

"நீ மட்டையவே தொடலையேம்மா."

நடந்ததைச் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சீக்கிரம் போகணும்ப்பா. அவர்கிட்ட சொல்லணும்."

மறுநாள் ஆட்டத்துக்கு முன் வீரர்கள் வேலியோரம் நின்று கையெழுத்துப் போட்டார்கள். பார்லோவின் முன்னால்கூட வரிசை இருந்தது. ஹால்வர்சனின் முன்னால் ஒருவரும் இல்லை.

"நேத்து 'ஒண்ணு' சொன்னது நான்தான்," என்றாள் ஹேஸல். "முதன்முதலா எண்ண ஆரம்பிச்சதும் நான்தான். மன்னிச்சிடுங்க."

ஹால்வர்சன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா? நான் யாரோ பெரிய ஆளுன்னு நினைச்சிருந்தேன்."

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"எதிராளி எண்ணினா எனக்குச் சிரிப்புதான் வரும். நேத்து, சொந்த ஊரே எண்ணுதேன்னு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கால் நகரல. அது என் தப்பு, உன் தப்பு இல்ல."

ஹேஸலுக்கு மனம் கொஞ்சம் லேசானது. ரொம்ப நாளாக இருந்த சந்தேகத்தையும் கேட்டுவிட்டாள்.

"போகும்போது நாற்பத்தொரு அடி வைக்கிறீங்க. திரும்பி வரும்போது இருபத்தொன்பதுதான். முட்டி போறப்ப மட்டும்தான் வலிக்குமா?"

ஹால்வர்சன் அக்கம்பக்கம் பார்த்தார். "இதை வேற யாராவது எண்ணியிருக்காங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். தோள்கள் மட்டும் குலுங்கின.

இருக்கைக்கு வந்தபிறகும் ஹேஸல் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மைதானத்தின் மூலையில் பந்து வீசும் மாற்று வீரர் ஒருவர் சும்மா பந்து எறிந்துகொண்டிருந்தார். கை சூடானால்தான் நன்றாக வீச முடியும். மேனேஜர் மெதுவாக நடந்தால் அவருக்கு இன்னும் நாலு பந்து எறிய நேரம் கிடைக்கும்.

ஹேஸல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முட்டிவலி என்று சொல்லி இத்தனை வருஷமாக ஊரையே ஏமாற்றியிருக்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. அந்தத் தந்திரம் இனி எங்களுடையது என்று நினைத்ததும் கோபம் இனித்தது.

அன்றும் எட்டாவது இன்னிங்ஸ், அன்றும் ஒரு ரன்தான் முன்னால். அடி விழுந்தால் ஓடக் கரடிகள் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூலையில் மாற்று வீரர் அப்போதுதான் அவசரமாக எழுந்திருந்தார். ஹால்வர்சன் படியேறி வெளியே வந்தார். மைதானம் அமைதியாக இருந்தது. ஊளையிடுவதற்காக எர்னி வாயருகே கையைக் குவித்தார்.

ஹேஸல் இருக்கைமேல் ஏறி நின்றாள்.

"ஒ...ண்...ணு."

ஹால்வர்சன் நின்று திரும்பினார். அவள் மோவாயால் மூலையைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டு, குழந்தை வைப்பதுபோல் ஓர் அடி வைத்தார்.

"ரெ...ண்...டு."

"என்ன இது, பாட்டு மாதிரி இழுக்கிற?" என்றார் எர்னி.

"அங்க பாருங்க. அவரு கை சூடாகட்டும்."

எர்னி மூலையைப் பார்த்தார், ஹால்வர்சனைப் பார்த்தார். தபால்காரருக்கு விஷயம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமானது. சேர்ந்த பிறகு அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

"மூ...ணு."

பத்து வருவதற்குள் மைதானமே இழுத்து இழுத்து எண்ணியது. நடுவர் முகமூடியைக் கழற்றினார்.

"ஹால்வர்சன், நடக்கறீங்களா, நிக்கறீங்களா?"

"முட்டிங்க," என்றார் ஹால்வர்சன் சோகமாக, வலிக்காத முட்டியைத் தடவிக்கொண்டே.

கோடு வந்தது. "தாவு" என்று ஊரே கத்த, அவர் தாவினார். மேட்டைத் தொட்டபோது அறுபத்துமூன்று அடி. மாற்று வீரர் நன்றாகக் கை சூடாகி, சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்.

ஹால்வர்சன் திரும்பியதும், கூட்டம் அதே உற்சாகத்தில் "ஒண்ணு, ரெண்டு" என்று மறுபடி தொடங்கியது. ஹேஸல் இரண்டு கைகளையும் விரித்தாள்.

"உஷ். இதை மட்டும் எண்ணாதீங்க. நடுவர் காதுல விழும்."

எர்னி சட்டென்று வாயை மூடினார், வரிசை வரிசையாக எல்லோரும் மூடினார்கள். ஹேஸல் மனதுக்குள் மட்டும் எண்ணினாள். இருபத்தாறு. கொட்டகைக்குள் இறங்கும் முன் ஹால்வர்சன் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அவள் கைகள் தாமாகவே தட்டின.

மாற்று வீரர் அடுத்து மட்டை பிடித்த மூன்று பேரையும் வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தார். கடைசி இன்னிங்ஸையும் தாண்டி நாரைகள் ஜெயித்தார்கள்.

வீடு திரும்பும்போது அப்பா கேட்டார். "என்ன, இப்ப அவரப் பிடிச்சிருக்கா?"

"கொஞ்சம்," என்றாள் ஹேஸல். சன்னல் வழியே பக்கத்து ஊருக்குப் போகும் சாலை தெரிந்தது. "அடுத்து நம்மகிட்ட தோக்கும்போது கழுதைங்க முகம் எப்படிப் போகும்னு நினைச்சா, நிறையவே."